கிளார்க்கையா அறுத்த நிலைப்படி

போன மாதம் வரை என் புத்தக அலமாரியில் கீழிருந்து இரண்டாவது தட்டாக ஒரு கட்டை இருந்தது. மற்றத் தட்டுகள் எல்லாம் கடையில் வாங்கிய பைன் பலகைகள். ஃபிஜியில் எங்கள் நசினுவின் மழைக்காலம் வந்தால் அவை வெற்றிலைபோல் சுருண்டுகொள்ளும். இந்தக் கட்டை மட்டும் அசையாது. இரண்டரை அடி நீளம், ஒரு கையகலம், நான்கு விரல் கனம். மேல்பக்கம் கண்ணாடிபோல் இழைத்திருக்கும். முகப்பில் மங்கிப்போன மஞ்சள், அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டுகளின் கறை. ஒரு முனை ஒழுங்காக அறுபட்டிருக்கும். மறுமுனை, பல் ஆடுகிறவர் கரும்பைக் கடித்துப் பார்த்துவிட்டு வைத்ததுபோல் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் என் புத்தகங்களைப் பற்றிக் கேட்பார்கள் என்று நாற்பது வயது வரை எதிர்பார்த்தேன். எல்லோரும் கட்டையைப் பற்றித்தான் கேட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இந்தத் தீவில் தமிழில் நாலு வரி பிழையில்லாமல் எழுதுகிறவர்கள் அத்தனை பேரையும் ஒரே மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகும், ஆள் போதவில்லை என்று டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். போட்டி இல்லாததால் நான் எழுத்தாளன். கட்டைக்கு அந்தச் சலுகை தேவைப்படவில்லை.

ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்து என் இரண்டு கால்களும் போயின. போயின என்றால், இருக்கின்றன; கூப்பிட்டால் வருவதில்லை. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பா என்னைச் சுவாவில் இருந்த பிள்ளைகள் விடுதியில் சேர்த்துவிட்டு, கரும்பு வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லிப் போனார். அந்த வெட்டு இன்னும் முடியவில்லை. விடுதியை நாங்கள் ஹோம் என்போம். அங்கே பன்னிரண்டு வருஷம் இருந்தேன். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று தள்ளிவிட்ட ஒரு சக்கர நாற்காலி எனக்கு வாய்த்தது. கனமான இரும்பு, முன்னால் இருந்த இரண்டு சின்னச் சக்கரங்களுக்கும் தனித்தனியே அபிப்பிராயங்கள் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் இந்தியில் பேசுவதால், வண்டி என்ற அர்த்தத்தில் அதற்குக் ‘காடி’ என்று பெயர். அந்தக் காடிக்குள் உட்கார்ந்துதான், கப்பலில் மாதக்கணக்கில் தாமதமாக வந்து சேரும் தமிழ்ப் பத்திரிகைகளைப் படித்தேன். தொடர்கதைகளின் நடு அத்தியாயங்கள் மட்டுமே கிடைக்கும். கதைக்கு ஆரம்பமும் முடிவும் அவசியமில்லை என்று நான் இன்றும் நினைப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து போடுகிறவர் கிளார்க்கையா. ஹோம் ஆபீசில் ஒரே குமாஸ்தா. கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கால் சட்டை, முழங்கால் வரை இழுத்துவிட்ட காலுறை, பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, நெற்றியில் மூன்று கோடு விபூதி. அந்த மூன்று கோடும் ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும். பாரத்தில், அதாவது படிவத்தில், ஒரு கட்டம் காலியாக இருப்பது, அவருக்கு, பசித்த குழந்தையைப் பார்ப்பது மாதிரி. அப்பன் பேர் தெரியாத பையன் வந்தால் நாலு ஊருக்குக் கடிதம் போட்டு, பழைய ஆட்களை விசாரித்து, ஒரு பெயரைக் கண்டுபிடித்து நிரப்பிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். நான் சேர்ந்த அன்றைக்கு என் பாரத்தில் ‘குணம்’ என்ற கட்டத்தில் அவர் எழுதியது, ‘பேச்சு அதிகம்.’ என் எழுத்தைப் பற்றி வந்த முதல் விமர்சனம் அது. அதற்குப் பிறகு வந்தவை எதுவும் அந்த அளவு சரியாக இருந்ததில்லை.

என்னை அவருக்குப் பிடிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அவர் நடப்பதுபோல் காடியிலேயே நடித்துக் காட்டுவேன். இரண்டு முறை பிடித்துவிட்டார். திட்டவில்லை. ‘காலுறைய இழுத்து வுட்றத மறந்துட்ட’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹோமின் சட்டம் எளிமையானது. பதினெட்டு முடிந்தால் வெளியே. கால் இருக்கிறவன் பஸ் கம்பெனிக்கோ கடைக்கோ வயலுக்கோ போவான். அவனுடைய வெளியேறும் பாரத்தின் கடைசிக் கட்டத்தில், ‘செல்லும் இடம்’ என்பதற்கு நேராக, கிளார்க்கையா நீலப் பேனாவால் ஒரு விலாசம் எழுதுவார். என் விஷயத்தில் இரண்டே விலாசங்கள் இருந்தன. ஒன்று, லம்பாசாவில் நசியாப் பக்கம் இருந்த தாய்மாமன் வீடு. மாமா மிகவும் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தார். வீடு உயரமான தூண்களின்மேல் நிற்கிறது, வெள்ளம் வருகிற இடம், ஏறிப்போகப் பதினோரு படி, பையன் வந்தால் சந்தோஷம்தான் என்று. எனக்கு ஒரு படியே அதிகம். பதினோரு படியை எண்ணிச் சொன்ன மாமாவின் அன்பை அன்றைக்கு நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இப்போது புரிகிறது, வேண்டாம் என்ற சொல்லை எழுத அவருக்குக் கை வரவில்லை.

இன்னொன்று, ஏழை முதியோர் இல்லம். நடக்க முடியாத, கவனிக்க ஆளில்லாத பிள்ளைகள் பதினெட்டு வயதில் நேராக எண்பது வயதுக்குப் போய்விடுவது அப்போது வழக்கம். கிளார்க்கையாவே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சுத்தமான இடம், நல்ல காற்று. இரண்டு கட்டில்களுக்கு நடுவே எனக்கென்று ஒரு கட்டில் காலியாக இருந்தது. வலப்பக்கத்துக் கட்டிலில், ஒப்பந்தக் கூலியாக வந்து கரும்பு வெட்டிய காலத்துப் பெரியவர் ஒருவர். கண்ணுக்கு மேலே கையை வைத்து என்னை உற்றுப் பார்த்தார்.

“எந்தக் கப்பல்ல வந்தே, தம்பி?”

அவருக்குப் புது ஆள் என்றால் கப்பலில்தான் வரவேண்டும். நான் இங்கேயே பிறந்தவன் என்று சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. கால் போனது கப்பலிலா, கரும்பிலா என்று அடுத்துக் கேட்டார். நான் சிரித்தேன். கிளார்க்கையா சிரிக்கவில்லை. ஆபீசுக்குப் போய் என் பாரத்தை எடுத்து, நீலப் பேனாவின் மூடியைக் கழற்றி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, மூடியைத் திரும்ப மாட்டினார்.

அந்தக் கட்டம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. அவருடைய உத்தியோகத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. மேலதிகாரி இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கொஞ்சம் சத்தமாகவே கேட்டார். முதியோர் இல்லம் என்று எழுதி முடிக்க வேண்டியதுதானே என்று. கிளார்க்கையா வணக்கமாக நின்று ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். வெளியே வந்து, கதவோரம் காடியில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என்னிடம் தமிழில் சொன்னார்.

“வாய்க்கு வந்தத எழுதறதுக்கு நா இன்னா ஜோசியக்காரனாடா?”

மறு ஞாயிற்றுக்கிழமை ஒரு நூல்கயிற்றோடு வந்து என் காடியை அளந்தார். அகலம், உயரம், நீளம், சக்கரத்தின் விட்டம். கை நீட்டினால் எவ்வளவு எட்டும் என்று என்னையும் அளந்தார். சவப்பெட்டிக்காக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். விஷயம் பிறகுதான் தெரிந்தது. நசினுவில் அவருக்கு ஒரு சொந்த வீடு இருந்தது. அப்போது நசினு என்றால் கொய்யாப் புதரும் சேறும். இன்றைக்கு இருக்கும் கடைகளும் நெரிசலும் இல்லை. அந்த வீட்டுக்குப் பின்னால், படியே இல்லாமல், எனக்கு ஒரு அறை கட்டப்போகிறார். வெல்ஃபேர் ஆபீசரிடம் பேசி அனுமதியும் வாங்கிவிட்டார். ஆபீசர் ஃபிஜிப் பெண்மணி. பெரிய உருவம், மெதுவான பேச்சு. என்னைவிட நல்ல இந்தி பேசுவார். அவர் வைத்தது ஒரே நிபந்தனை. பையன் யார் உதவியும் இல்லாமல் தானாக வீட்டுக்குள் போகவேண்டும், தானாக வெளியே வரவேண்டும். என் பிறந்தநாளுக்கு முன்பு அவரே வந்து கண்ணால் பார்ப்பார். முடியாவிட்டால் அந்தக் கட்டில் காத்திருக்கிறது.

வேலையை எடுத்துக்கொண்டவர் பக்கத்து மேட்டில் இருந்த தச்சர். தென்னிந்திய முஸ்லிம், எல்லோருக்கும் பாய். கிளார்க்கையாவுக்கும் அவருக்கும் வேலைநாளெல்லாம் சண்டை, ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பாடு. கிளார்க்கையா முப்பத்துநாலு அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருந்தார். குழாய் எந்த உயரத்தில், கட்டில் எந்த உயரத்தில், கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும், பிடித்துக்கொள்ளும் கம்பி எங்கே, வாசலுக்கு ஏறும் சரிவு எவ்வளவு மெதுவாக ஏறவேண்டும். கோயில் சங்கத்துக்காரர்கள் வந்து தகரம் அடித்தார்கள். அடுத்த வீட்டு ஃபிஜிக்காரர்கள் வேலை முடிந்த பிறகு வந்து, எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, சேப்பங்கிழங்கு கொடுத்துவிட்டுப் போனார்கள். இத்தனை நாளில் கிளார்க்கையா காடியிடம் கேட்காத கேள்வி இல்லை. என்னிடம்தான் ஒன்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? அதுவரை என்ன வேண்டும் என்று யாரும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

முப்பத்துநாலு அம்சங்களில் இல்லாத ஒன்று முப்பத்தைந்தாவதாக அவர் மனசுக்குள் இருந்தது. பாய்க்கு மட்டும் அதைத் தனியாகச் சொல்லி, இந்தத் தீவில் விளையும் இரும்புமாதிரி ஒரு மரத்தில் கட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். நிலைப்படி. அவருடைய சாஸ்திரத்தில், நிலைப்படி இல்லாமல் நாலு சுவரும் கூரையும் இருந்தால் அது கொட்டாய். ஆட்டைக் கட்டலாம், ஆளைக் குடிவைக்கக் கூடாது. ஹோமிலிருந்து போகிற பையனுக்கு அவர் கொட்டாய் கொடுக்கத் தயாராக இல்லை. வீடு கொடுக்கவேண்டும். ஆகவே, கிரகப்பிரவேசத்தன்று விடியற்காலையில், எனக்குத் தெரியாமல் அந்தக் கட்டை வாசலில் பொருத்தப்பட்டது. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், அதற்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார். பாய் பொருத்தும்போதே யோசித்தாராம், இந்தப் பையன் இதன்மேல் எப்படி ஏறுவான் என்று. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒருநாள் நான் கேட்டபோது சொன்னார்:

“ஒங்க சாமி விஷயம், பாபு. அதுல நா பூந்து பேசினா நல்லாவா இருக்கும்? ராத்திரிக்கு எடுத்து வெச்சிக்குவாங்களோன்னு நெனச்சேன்.”

முப்பத்துநாலு அளவுகளையும் மயிரிழை பிசகாமல் எடுத்த மனிதர் ஒருவர். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்ட மனிதர் இன்னொருவர். இரண்டு நல்லவர்கள் சேர்ந்தால்தான் இப்படி ஒரு தவறு முழுமையாக நடக்கும்.

நல்ல நேரம் எட்டரைக்கு. மாவிலைத் தோரணம், பம்ப் ஸ்டவ்வில் பால், சங்கத்துக்காரர்கள், அக்கம்பக்கத்தார். வெல்ஃபேர் ஆபீசர் பாரத்தோடு வந்து, மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். எனக்குப் புதுச் சட்டை, கழுத்தில் மாலை. கிளார்க்கையா வாசலுக்குள் நின்று, வா என்று கையைக் காட்டினார். அந்தச் சரிவு அற்புதமான சரிவு. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஏறுகிறேன். கைகளுக்குக் கஷ்டமே தெரியவில்லை. முகத்தில் ஒரு கம்பீரத்தைக்கூட வரவழைத்துக்கொண்டிருந்தேன். மேலே வந்ததும் ‘டொக்’ என்றது. முன்சக்கரங்கள் இரண்டும், அபூர்வமாக ஒரே அபிப்பிராயத்தில், நின்றுவிட்டன. மாலை மட்டும் முன்னால் போய்த் திரும்பி வந்து என் மூக்கில் இடித்தது.

பின்வாங்கி மறுபடி வேகமாக வந்தேன். டொக். மூன்றாம் முறை காடி சரிவில் பின்னோக்கி இறங்கி ஆபீசரின் காலில் போய் நின்றது. பாய் ஒரு பலகையைக் கொண்டுவந்து நிலைப்படியின்மேல் சாய்த்தார். சரிவு நேரே வாசலில் வந்து முடிவதால் பலகைக்கு உட்கார இடமில்லை. நான் பாதி ஏறியதும் அது நழுவியது. காடி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம். தோரணத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தபோது எனக்கு வலி தெரியவில்லை. முதியோர் இல்லத்தின் அந்த நடுக் கட்டில்தான் தெரிந்தது.

சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து காடியோடு என்னைத் தூக்கி உள்ளே வைத்துவிடலாம் என்றார்கள். ஆபீசர் குனிந்து என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இந்தியில் கேட்டார், இன்றைக்கு நீங்கள் தூக்குவீர்கள், நாளைக்கு யார் தூக்குவது என்று. கோபமாகக் கேட்கவில்லை. கட்டையை எடுத்துவிடலாமே என்று யாரோ மெல்லச் சொன்னார். உடனே பெரியவர் ஒருவர், பூசை பண்ணி வைத்த நிலைப்படியை வைத்த அன்றைக்கே அறுப்பது குடும்பத்துக்கு ஆகாது என்றார். யார் குடும்பத்துக்கு என்று அக்கா கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் குடும்பம் இல்லாதது வாழ்க்கையில் முதன்முறையாக உபயோகப்பட்டது.

கிளார்க்கையா இன்னும் வாசலுக்கு உட்புறமே நின்றுகொண்டிருந்தார். விபூதிக் கோடுகள் வேர்வையில் கலைந்திருந்தன. அவற்றை அப்படி நான் பார்த்ததில்லை. அவர் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்து, சரிவில் முழங்கால் போட்டு, என் உயரத்துக்கு இறங்கினார்.

“ஒனக்கு இன்னா வோணும், சொல்லு. எனக்காவ சொல்லாத.”

அந்தக் கட்டையை அவர் எத்தனை ஆசையாக வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொன்னால் அது நன்றி கெட்டதனம். வேண்டும் என்று சொன்னால் நடுக் கட்டில். பேச்சு அதிகம் என்று பாரத்தில் எழுதப்பட்டவனுக்கு அன்றைக்குப் பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று.

“இந்தக் கட்ட வேணாங்கய்யா.”

அவர் எழுந்தார். ரம்பத்தைக் கேட்டார். பாய் தானே அறுப்பதாகச் சொன்னபோது, பாவம் ஏதாவது வந்தால் தன் தலையில் வரட்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். பேனாவைவிடக் கனமான எதையும் பிடித்தறியாத கை. மரமோ இரும்புமாதிரி. கஞ்சி போட்ட அரைக்கால் சட்டையோடு தரையில் உட்கார்ந்து, நிலைக்கால் ஓரமாக அறுக்க ஆரம்பித்தார். ரம்பம் ஒருமுறை வழுக்கியது, ஒருமுறை மாட்டிக்கொண்டது, மரத்தைக் கடித்தது, துப்பியது. நல்ல நேரம் வந்ததுபோலவே போயிற்று. ஆபீசர் தரை விரிப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேசரி சாப்பிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் கைக்கடிகாரத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் பொங்கியது, யாரும் கவனிக்கவில்லை. கிளார்க்கையாவின் உள்ளங்கை கொப்புளித்து உடைந்த பிறகுதான் மறுமுனையைப் பாயிடம் விட்டார். பாய் அதை வெண்ணெய் வெட்டுவதுபோல் வெட்டி முடித்தார்.

உள்ளே போனேன். ஆபீசர் சொல்லாமலே வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன். மூன்றாவது முறை வெளியே வந்தபோது, போதும் என்று அவரே சொல்லவேண்டியிருந்தது. குனிந்து, தங்கள் வழக்கப்படி ‘துலோ’ என்று மன்னிப்புச் சொல்லிக்கொண்டு, என்னைக் கடந்து உள்ளே வந்தார். குழாயைத் திறந்தார், கழிவறைக் கதவைப் பார்த்தார், முழங்காலில் பாரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். காலிக் கட்டத்தைக் கிளார்க்கையாவிடம் காட்டினார். கிளார்க்கையா கொப்புளக் கையால் நீலப் பேனாவைப் பிடித்து, ‘செல்லும் இடம்’ என்பதற்கு நேராக ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார்: வீடு. கையெழுத்து கோணலாக இருந்தது. முழு விலாசம் எழுதவில்லை என்று அந்தப் பாரம் மறுவாரம் திரும்பி வந்தது. உத்தியோக வாழ்க்கையில் அவர் எழுதி, திரும்பி வந்த பாரம் அது ஒன்றுதான். அதையும் பெருமையாகவே சொல்வார்.

அறுத்த கட்டையை எறிய அவருக்கு மனசில்லை, எரிக்க அக்கா விடவில்லை. அது என் அறையிலேயே ஒரு மூலையில் கிடந்தது. பிறகு அச்சாபீசில் பிழைதிருத்துகிற வேலை கிடைத்து, நான் புத்தகங்கள் சேர்க்க ஆரம்பித்தபோது அலமாரிக்குள் போயிற்று.

அடுத்த இருபத்துச் சொச்ச வருஷங்கள் கிளார்க்கையா மாலையில் வருவார். பத்திரிகை கொண்டுவருவார், நான் எழுதியதில் காற்புள்ளி விட்டுப்போன இடங்களைச் சிவப்புப் பேனாவால் குறிப்பார், கருத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். நான் அவரிடம் நன்றி என்று சொன்னதே இல்லை. ஒருமுறை ஆரம்பித்தேன், காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆனால் ஒன்று. ஒவ்வொரு தடவையும் என் வாசலுக்கு வந்ததும் நின்று, வலது காலை நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கி, உள்ளே வைப்பார். அங்கே ஒன்றுமில்லை; சமதரை. வெளியே போகும்போதும் அப்படியே. முழங்கால் வலி வந்த பிறகும், கைத்தடி வந்த பிறகும், தூக்கினார். ஒருநாள் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“அய்யா, அங்க ஒண்ணுமில்லீங்க.”

“ஒனக்கு இல்ல. எனக்கு இருக்குது.”

அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அக்கா, தன் மகளோடு ஆக்லாந்துக்குப் போய்விட்டார். போகும்போது, இடத்தைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் என் அறைக்குப் பக்கத்தில் இன்னொரு அறை சேர்த்துக் கட்டினேன். புத்தகங்களுக்காக என்று ஊருக்குச் சொன்னேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

சில மாதங்களுக்கு முன் ஹோமிலிருந்து மேட்ரன் ஆள் அனுப்பியிருந்தார். பதினெட்டு முடியப்போகிற ஒரு பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. அவளுக்கும் இரண்டு விலாசங்கள். ட்ராசாவில் கரும்பு வைத்திருக்கும் ஒரு சித்தி, வீட்டைச் சுற்றிலும் வாய்க்கால், பெண் விழுந்துவிடுவாளே என்று மரியாதையாக எழுதியிருந்தாள். இன்னொன்று அதே இல்லம். விலாசப் பட்டியல் கொஞ்சமும் மாறவில்லை. எழுத்து மட்டும் டைப் அடித்து அழகாகியிருந்தது. அந்த அறையை அவளுக்குக் கொடுக்கிறேன் என்றேன். சொன்னதும் என்னிடம் ஒரு பெருந்தன்மை வந்து குடியேறியதைக் கவனித்தேன். நாற்பத்தோரு அம்சங்கள் கொண்ட பட்டியல் போட்டேன். கிளார்க்கையாவைவிட ஏழு அதிகம். மேட்ரனைக் கேட்டேன், பாயின் மகனைக் கேட்டேன், ஆக்லாந்திலிருந்து வரவழைத்த ஒரு புத்தகத்தைக் கேட்டேன். எங்கும் தடுக்காமல், எல்லாவற்றையும் ஒரே சமதரையாக, வழுக்காத தரையாகச் செய்து வைத்தேன்.

அவள் வந்தாள். கோலால் தட்டிக்கொண்டு என் அறை, நடுவழி, அவள் அறை என்று இரண்டு முறை போய் வந்தாள். முகம் மலரவில்லை. நான் நாற்பத்தோரு அம்சங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தமிழில் சாமி பாட்டு மட்டும்தான் தெரியும். குறுக்கே இந்தியில் கேட்டாள்: அங்கிள், என் அறை எங்கே ஆரம்பிக்கிறது? இதோ இங்கே என்றேன். இதோ என்றால் அவளுக்கு என்ன என்று யோசிக்காமல். அவள் பொறுமையாக விளக்கினாள். எல்லாம் ஒரே தரையாக இருக்கிறது. ஹோமிலும் அப்படித்தான், ஒரே கூடம், இருபது கட்டில். தன் அறையில் இருக்கிறோமா, அடுத்தவர் அறையில் இருக்கிறோமா என்று காலுக்குத் தெரியவேண்டாமா? உங்கள் வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துகொண்டே இருப்பேனே.

நான் பட்டியலைப் பாதியில் நிறுத்தி மடித்து வைத்தேன். ‘பேச்சு அதிகம்’ என்று கிளார்க்கையா எழுதியதற்கு எதிராக நடந்துகொண்ட அபூர்வமான தருணங்களில் ஒன்று அது. பிறகு கேட்டேன், உனக்கு என்ன வேண்டும் என்று. முப்பது வருஷத்துக்கு முன் எனக்குக் கிடைத்த கேள்வி; கைமாற்றிக் கொடுக்க இவ்வளவு தாமதமாகிவிட்டது. என் வாசலில் காலுக்குத் தட்டுப்படுகிற மாதிரி ஒன்று, தாண்டி வருகிற மாதிரி, என்றாள்.

பாயின் மகன் வந்தான். எண்பதைத் தாண்டிய பாயும் கூடவே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து மகனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அலமாரியிலிருந்து கட்டையை உருவியபோது என் புத்தகங்கள் சரிந்து விழுந்தன. யாரும் குனியவில்லை. பாய் கட்டையை மடியில் வைத்து இரண்டு முனைகளையும் தடவிப் பார்த்தார். ஒழுங்கான முனையைக் காட்டி இது தன் கை என்றார். கிளார்க்கையாவைப் பாபுஜி என்றே கூப்பிட்டுப் பழகியவர், கடிபட்ட முனைக்கு விரல் வந்ததும் மகனைக் கூப்பிட்டார்.

“இது பாபுஜி கை. இத்த எழைக்காதடா, அப்டியே வெய்யி.”

அவள் வாசலில் கட்டை ஒழுங்காகவே பொருந்தியது. கடிபட்ட முனைக்கும் நிலைக்காலுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் சந்து மட்டும் நின்றுவிட்டது. அவள் அந்தச் சந்தில் விரலை விட்டுப் பார்த்தாள், மஞ்சள் பூசியிருந்த முகப்பைத் தடவினாள், உள்ளே போனாள், கதவைச் சாத்தினாள். சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் கேட்டது. திறந்தாள். மறுபடி சாத்தினாள். மூன்று முறை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

என் வீட்டில் இப்போது நான் நுழைய முடியாத அறை ஒன்று இருக்கிறது. காலையில் டீ போட்டதும் காடியை அந்தக் கட்டை வரை ஓட்டிக்கொண்டு போய், டொக் என்று இடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். அதுதான் எங்கள் அழைப்பு மணி. உள்ளே கட்டில் முனகும், கோல் தேடும் சத்தம் கேட்கும், கதவு திறக்கும். புத்தகங்கள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. அலமாரிக்கு இன்னொரு பலகை சொல்லவேண்டும், அவசரமில்லை. அவள் வாசலில் வந்து ஒரு கணம் நிற்பாள். பிறகு வலது காலை, சரியாக நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கி, தாண்டி வருவாள். ஒவ்வொரு நாளும் நான் அந்தக் காலையேதான் பார்க்கிறேன். கிளார்க்கையா தூக்கிய அதே உயரம். இப்போது அங்கே கட்டை இருக்கிறது.